பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசித் தேர்வும் சிகிச்சை உரிமையும்

நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

கோவிட்-19 பெருந்தொற்றுக்கு எதிரான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அன்று முதல் குடும்பங்கள் தோறும் இரண்டு கேள்விகள் எழுந்தன. தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா என்பது முதற்கேள்வி. போட்டுக்கொள்ளாத ஒருவர் நோயுற்றால் மருத்துவமனை அவரை எவ்வாறு நடத்தும் என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வியைப் பற்றி ஊரெங்கும் பேசினார்கள். இரண்டாவது கேள்வியைப் பலர் வெளியே கேட்கவில்லை. தடுப்பூசி போடவில்லை என்று சொன்னால் திட்டுவார்கள், படுக்கை தரமாட்டார்கள் என்று அஞ்சி, மூச்சுத்திணறல் தொடங்கிய பின்னும் வீட்டிலேயே இருந்துவிட்டுக் காலம் கடந்து வந்த நோயாளிகளை எங்களைப் போன்ற அரசு மருத்துவர்கள் பார்த்திருக்கிறோம். அந்த அச்சத்திற்கு இடம் இருந்திருக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 தொடர்பான சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலை முடிவுக்கு வந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆயினும் அக்காலத்தில் எழுந்த கேள்விகள் முடிந்துவிடவில்லை. வேறொரு தொற்று பரவும்போதும் இதே கேள்விகள் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். அப்போது நிதானமாக முடிவெடுப்பதற்கு உதவும் பொருட்டு, உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு உங்கள் உடல்மீது எவரும் வற்புறுத்த முடியாது. முழு விளக்கம் பெற்ற பின் ஒப்புதல் அளிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.
• உங்கள் தேர்வின் விளைவு உங்களோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள முதியோர், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோரையும் அது பாதிக்கக்கூடும்.
• தடுப்பூசி போடாத காரணத்திற்காகச் சிகிச்சையை மறுப்பது மருத்துவ அறத்திற்கு முரணானது.
• மருத்துவர் தடுப்பூசி விவரம் கேட்பது சிகிச்சையைத் திட்டமிடுவதற்காக. உண்மையைச் சொல்லுங்கள்.
• நோய் அறிகுறி தீவிரமானால் எந்தத் தயக்கமும் இன்றி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

தடுப்பூசி ஏன் தனிமனித விருப்பமாக மட்டும் கருதப்படுவதில்லை?

இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையை ஒருவர் உட்கொள்ளாவிட்டால் பாதிப்பு பெரும்பாலும் அவரைச் சாரும். தொற்றுநோய் அவ்வாறு நிற்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோயைத் தடுக்கும் ஊசி, அதைப் போட்டுக்கொள்பவரோடு சேர்த்து அவரைச் சுற்றியுள்ளவர்களையும் காக்கக்கூடும். பெரும்பாலானோர் எதிர்ப்பாற்றல் பெற்ற ஊரில் கிருமி பரவுவதற்கு வழியின்றித் தேங்கிவிடும். தடுப்பூசி பெற இயலாதவர்களும் அதன் நிழலில் பாதுகாப்புப் பெறுவர்.

இந்த ஒத்துழைப்பின் பயனை நம் நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. பெரியம்மை 1980இல் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் வகை போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற பகுதி என்னும் சான்று கிடைத்தது. போலியோவால் கால் சூம்பிய குழந்தையை இன்றைய இளம் தாய்மார்கள் பார்த்திராததற்கு, முந்தைய தலைமுறைப் பெற்றோர் தம் குழந்தைகளைச் சொட்டு மருந்து முகாமுக்குத் தூக்கிச் சென்றதே காரணம்.

எனினும் எல்லாத் தடுப்பூசிகளும் பரவலை ஒரே அளவில் தடுப்பதில்லை. இந்த வேறுபாடு அறக்கேள்வியையும் மாற்றுகிறது. தட்டம்மைத் தடுப்பூசி நோய்த்தொற்றையே பெருமளவு தடுக்கிறது. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய் என்பதால், ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் எதிர்ப்பாற்றல் பெற்றால்தான் சமூகப் பாதுகாப்பு கிட்டும். கோவிட்-19 தடுப்பூசிகளோ, குறிப்பாக 2021 இறுதியில் ஒமைக்ரான் வகை தோன்றிய பின், தொற்றை முழுமையாகத் தடுக்கவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது, அவர்களிடமிருந்தும் பரவியது. அதே வேளையில், தீவிர நோயையும் இறப்பையும் அத்தடுப்பூசிகள் கணிசமாகக் குறைத்தன. ஆகவே ‘ஊசி போட்டும் கோவிட் வந்ததே, பிறகு என்ன பயன்?’ என்று கேட்பவருக்குரிய விடை இது: காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பதற்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடே அதன் பயன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. ஜேக்கப் புலியேல் எதிர் இந்திய ஒன்றியம் என்பது அவ்வழக்கின் பெயர். நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய நான்கு செய்திகள் அத்தீர்ப்பில் உள்ளன.

முதலாவது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு ஒவ்வொருவருக்கும் தம் உடல்மீதான உரிமையைப் பாதுகாக்கிறது; ஆகவே எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது.

இரண்டாவது, பொதுநலன் கருதி அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். ஆனால் அவற்றுக்குச் சட்டத்தின் பின்புலம் வேண்டும். நியாயமான நோக்கம் வேண்டும். அந்த நோக்கத்திற்குத் தேவையான அளவை மீறாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தடுப்பூசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வருவதைக் கட்டுப்படுத்தியிருந்தன. போடாதவர்களால் பரவும் ஆபத்து, போட்டவர்களால் பரவும் ஆபத்தைவிட மிகுதி என்பதற்குத் தரவுகள் முன்வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சுட்டியது. தொற்று குறைவாக இருக்கும் வரை அத்தகைய கட்டுப்பாடுகளை விதிக்க வேண்டாம் என்றும், முன்பே விதிக்கப்பட்டிருந்தால் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியது.

நான்காவது, அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் தெரிவிப்பதற்கு வழி செய்யுமாறு அது ஒன்றிய அரசுக்கு அறிவுறுத்தியது.

இத்தீர்ப்பைத் தடுப்பூசிக்கு எதிரான தீர்ப்பாகச் சிலர் பரப்பினர். அது தவறான புரிதல். தடுப்பூசி நல்லதா என்பதும், நல்லதாயினும் அதைக் கட்டாயப்படுத்தலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதற்கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘வற்புறுத்தக் கூடாது’ என்றும் ஒருவர் ஒரே நேரத்தில் விடை சொல்லலாம்.

ஊக்கப்படுத்துவது வேறு, நெருக்குவது வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சென்னையை அடுத்த கோவளத்தில் 2021இல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் பிரியாணியும் குலுக்கல் பரிசுகளும் அளித்தனர். பரிசு வேண்டாம் என்பவர் எதையும் இழப்பதில்லை. ஒருவரின் உணவுப் பொருளையோ ஊதியத்தையோ நிறுத்திவைத்து ஒப்புதல் வாங்கினால், அது ஒப்புதல் ஆகாது.

ஒப்புதல் அளிக்கும் முன் என்ன கேட்கலாம்?

விளக்கம் பெற்று அளிக்கும் ஒப்புதல் என்பது படிவத்தில் கையொப்பம் இடுவதோடு முடிவதன்று. என்ன போடப்படுகிறது, எதற்காக, என்ன பயன், என்ன ஆபத்து, போடாவிட்டால் என்ன ஆகும் என்பவை உங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஊசி போடும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

• இது எந்தத் தடுப்பூசி? எத்தனை தவணைகள்? அடுத்த தவணை எப்போது?
• என் வயதிலும் உடல்நிலையிலும் உள்ளவர்களுக்கு இதனால் என்ன பயன்?
• பொதுவாக வரும் பக்கவிளைவுகள் எவை? அரிதாக வரும் தீவிரப் பாதிப்புகள் எவை?
• எந்த அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?
• எனக்குள்ள ஒவ்வாமை, நான் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றால் ஏதேனும் தடை உண்டா?

முன்பு ஏதேனும் ஊசிக்கோ மருந்துக்கோ கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் தவறாமல் தெரிவியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தேகம் தீரவில்லையெனில், சிந்தித்து வருகிறேன் என்று சொல்லித் திரும்பவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேள்வி கேட்பவரைத் தடுப்பூசிக்கு எதிரானவர் என்று முத்திரை குத்துவது மருத்துவப் பணியாளருக்கு அழகன்று.

‘ஊசி போட்ட பிறகுதான் இறந்தார்’ என்ற அச்சம்

தமிழ்நாட்டில் தடுப்பூசித் தயக்கம் மிகுந்த ஒரு தருணத்தைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். நடிகர் விவேக், மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தும் நோக்கில் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 17 அன்று காலமானார். அந்தத் துயரம், தடுப்பூசி மையத்திற்குச் செல்லவிருந்த பலரைத் தயங்க வைத்தது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு பின்னர் இதனைப் பரிசீலித்து, அவருடைய இறப்புக்குத் தடுப்பூசி காரணமன்று, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயலானது என்று முடிவு தெரிவித்தது.

ஒரு நிகழ்வுக்குப் பின் மற்றொன்று நேர்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிவு செய்வது இயல்பு. ஆனால் நடுவயதினரும் முதியோரும் இலட்சக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களுள் சிலருக்கு, ஊசி போடாமல் இருந்திருந்தாலும் அந்த வாரத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்கும். ஆகவேதான் ஒவ்வொரு தீவிரப் பாதிப்பும் தனித்தனியாக ஆராயப்படுகிறது. தடுப்பூசியின் தன்மையால் நேர்ந்ததா, அதன் தரக்குறைவால் நேர்ந்ததா, போடும் முறையில் நேர்ந்த பிழையா, ஊசி பற்றிய பதற்றத்தால் வந்த மயக்கமா, தற்செயலா என்ற ஐந்து வகைகளில் காரணம் தேடப்படுகிறது.

அதே சமயம், தடுப்பூசியால் எந்த ஆபத்தும் இல்லை என்று சொல்வதும் உண்மையன்று. கோவிஷீல்டு தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாக இரத்தம் உறையும் பாதிப்பு ஏற்படக்கூடும் என்பது அறியப்பட்டதே. 2021 மே மாதத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் இதுபற்றி அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை ஆராயப்பட்டவற்றில் இத்தகைய பாதிப்பாக இருக்கக்கூடியவை 26 என்றும், பதிவான அளவு 10 இலட்சம் தவணைகளுக்கு 0.61 என்றும் அது தெரிவித்தது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத வயிற்றுவலி, கடும் தலைவலி, ஊசி போட்ட இடத்திற்கு அப்பால் தோலில் செம்புள்ளிகள், பார்வை மங்கல், வலிப்பு, உடலின் ஒரு பக்கம் பலவீனம் முதலிய அறிகுறிகள், ஊசி போட்ட 20 நாட்களுக்குள் தோன்றினால் உடனே மருத்துவமனையை அணுகுமாறும் அறிவுறுத்தியது.

நேர்மையாகச் சொல்லப்பட்ட ஆபத்து மக்களின் நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. மறைக்கப்பட்டதாகப் பின்னர் தெரியவரும் ஆபத்தே கெடுக்கிறது. ஊசிக்குப் பின் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ தீவிரப் பாதிப்பு நேர்ந்ததாகக் கருதினால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சமூகத்தின் நன்மைக்கும் சேர்த்தே ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு அரிதாகத் தீங்கு நேர்ந்தால், அவரைக் கேலியோ சந்தேகமோ இன்றிப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பது மருத்துவத் துறையின் கடன்.

தடுப்பூசி போடாதவருக்குச் சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். இதில் ஐயத்திற்கு இடமில்லை.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் எவருக்கும் உடனடிச் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்குமே கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 30 நாளிட்ட ஆணையில், உள்ளூர் முகவரிச் சான்றோ அடையாளச் சான்றோ இல்லை என்பதற்காக எந்த நோயாளிக்கும் மருத்துவமனை அனுமதியோ இன்றியமையாத மருந்தோ மறுக்கப்படக் கூடாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. கொள்ளைநோய் பரவும்போது தனக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சி மருத்துவர் தம் கடமையைக் கைவிடலாகாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க நெறிமுறைகளில் எழுதப்பட்டுள்ளது.

இருப்பினும் ஒரு வாதத்தைப் பலரிடம் கேட்கிறோம். ‘இலவசமாகக் கிடைத்த ஊசியை வேண்டாம் என்றவர் இப்போது படுக்கையைப் பிடித்துக்கொள்கிறார். ஊசி போட்டுக்கொண்ட புற்றுநோயாளியின் அறுவை சிகிச்சை தள்ளிப்போகிறது. இது நியாயமா?’ என்பது அவ்வாதம். இதில் உள்ள வேதனை உண்மையானது. தொற்று நோயாளிகளால் வார்டுகள் நிரம்பியபோது, மற்ற நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனதும் உண்மை. எனினும் அந்த வேதனைக்குத் தீர்வு நோயுற்றவரைத் தண்டிப்பதன்று. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவதாக, மருத்துவம் ஒருவரின் கடந்தகால நடத்தையை எடைபோட்டு அளிக்கப்படுவதில்லை. தலைக்கவசம் அணியாமல் விபத்துக்குள்ளானவரையும், ஆண்டுக்கணக்கில் புகைபிடித்து நுரையீரல் கெட்டவரையும், மாத்திரையை நிறுத்திவிட்டுச் சர்க்கரை ஏறி மயங்கியவரையும் நாங்கள் அனுமதிக்கிறோம். கோவிட் நோயாளிக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்க முடியாது.

இரண்டாவதாக, தடுப்பூசி போடாதவர்கள் எல்லோரும் மறுத்தவர்கள் அல்லர். படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவர், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர், தொடக்கத்தில் இணைய வழியில் முன்பதிவு செய்யத் தெரியாதவர், மருத்துவக் காரணத்தால் ஊசி போட இயலாதவர், பொய்ச் செய்தியை நம்பி ஏமாந்தவர் எனப் பலரும் அவர்களுள் உண்டு. ஸ்டிரெச்சரில் கிடப்பவரின் காரணத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல மருத்துவருக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

மூன்றாவதாக, தண்டனை உண்டு என்ற செய்தி பரவினால் நோயாளிகள் உண்மையை மறைப்பார்கள் அல்லது தாமதமாக வருவார்கள். மறைக்கப்பட்ட தொற்று மேலும் பலருக்குப் பரவும். ஆகவே ஊசியைப் பற்றிய விவாதம் நோய் வரும் முன் நடக்க வேண்டியது. நோய் வந்த பின் சிகிச்சை மட்டுமே நடக்க வேண்டும்.

பிறகு ஏன் மருத்துவர் தடுப்பூசி விவரம் கேட்கிறார்?

நோய் தீவிரமாகும் வாய்ப்பை மதிப்பிடுவதற்காகவே. தடுப்பூசி போடாத, வயது முதிர்ந்த, நீரிழிவு உள்ள ஒருவரை வீட்டுத் தனிமைக்கு அனுப்புவதைவிட மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதே பாதுகாப்பாக இருக்கலாம். சில மருந்துகளை யாருக்கு முன்கூட்டியே தொடங்குவது என்பதும் இதைப் பொறுத்தது. போடாமலே ‘போட்டாயிற்று’ என்று சொன்னால், உங்களுக்கு வேண்டிய கூடுதல் கண்காணிப்பை நீங்களே இழக்க நேரிடும். அந்த விவரம் உங்கள் மருத்துவப் பதிவின் பகுதி. அதை உங்கள் ஒப்புதலின்றி அக்கம்பக்கத்தாரிடமோ முதலாளியிடமோ வெளியிடக் கூடாது.

படுக்கை ஒன்று, நோயாளிகள் இருவர் எனில் யாருக்கு முன்னுரிமை?

பெருந்தொற்றின் மிகக் கடினமான கேள்வி இது. ஆக்சிஜன் படுக்கை ஒன்றே இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 விழுக்காடாக உள்ள ஒருவரும், 93 விழுக்காடாக உள்ள ஒருவரும் காத்திருக்கிறார்கள். முதலாமவர் தடுப்பூசி போடாதவர், இரண்டாமவர் போட்டவர். படுக்கை முதலாமவருக்கே உரியது. யாருக்கு இப்போது அவசரத் தேவை, யாருக்குச் சிகிச்சையால் மிகுந்த பயன் என்ற இரண்டையும் கொண்டே முன்னுரிமை முடிவாகிறது. செல்வாக்கு, பணம், சாதி, மதம், ஊர், தடுப்பூசிச் சான்றிதழ் ஆகிய எதுவும் அதில் சேராது. அந்நேரத்தில் உங்கள் குடும்பத்தினர் காத்திருக்க நேர்ந்தால், ஏன் காத்திருக்கிறீர்கள், அடுத்த பரிசோதனை எப்போது, நிலை மோசமானால் யாரை அழைப்பது என்று கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு விதிவிலக்கைப் புரிந்துகொள்வது நல்லது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் வாழ்நாள் முழுவதும் தரப்படுகின்றன. அந்நிலையில் சாதாரணத் தொற்றும் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன் சில தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர்கள் கேட்பர். இங்கே தடுப்பூசி சிகிச்சையின் ஒரு பகுதி. தானமாகக் கிடைத்த உறுப்பு பயனின்றிப் போகாமல் காப்பதே இதன் நோக்கம்.

மற்றவருக்காக முடிவெடுக்கும்போது

பராமரிப்பவராகிய உங்களுக்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. நீங்கள் உங்களுக்காக மட்டும் முடிவெடுப்பதில்லை.

முதியோர்: வயது முதிர்ந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்துவிடுவதில்லை. ‘அப்பாவுக்கு எதுக்கு ஊசி’ என்று பிள்ளைகள் முடிவு செய்வதும், அவர் வேண்டாம் என்னும்போது ஏமாற்றி அழைத்துச் செல்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். முதலில் அவரிடம் விளக்குங்கள். அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். காய்ச்சல் வருமே என்ற அச்சமாக இருக்கலாம். உங்களுக்குத் தொந்தரவாகுமே என்ற எண்ணமாகவும் இருக்கலாம்.

நினைவாற்றல் குன்றியவர்கள்: அவர்களால் புரிந்துகொள்ள இயலாத நிலையில், உங்களுக்கு எது விருப்பம் என்பதைவிட, அவர் தெளிவாக இருந்த காலத்தில் என்ன விரும்பியிருப்பார், இப்போது அவருக்கு எது நன்மை என்பவற்றையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். மனநலப் பாதிப்புள்ளவர்களுக்கும் முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்றே கொண்டு தொடங்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நெறி.

குழந்தைகள்: குழந்தையால் தேர்வு செய்ய இயலாது, அதன் ஆபத்தையும் அதுவே சுமக்கிறது. ஆகவே, பெற்றோரின் சொந்த உடல்மீதான உரிமை அளவுக்குக் குழந்தையின் உடல்மீது அவர்களுக்கு உரிமை உண்டென்று கொள்ள முடியாது. பெருந்தொற்றுக் கால அச்சத்தால் வழக்கமான தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி 9 மாதம் முடிந்தவுடனும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்பட வேண்டும்.

கர்ப்பிணிகள்: கோவிட் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளுக்கு அளிக்க 2021 ஜூலையில்தான் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. தொடக்கக் காலத்தில் போதிய தரவு இல்லாததால் காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய முடிவில் கணவரின், மாமியாரின் கருத்தைக் கேட்கலாம். ஒப்புதல் கர்ப்பிணியுடையது.

வீட்டில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள விரும்பி, மற்றவர்கள் தடுத்தால், அவர் தனியே வந்து போட்டுக்கொள்ள வயதுவந்த எவருக்கும் உரிமை உண்டு.

போட்டுக்கொள்ளாமலிருக்க முடிவு செய்தால்

உரிமையைப் பயன்படுத்துபவருக்கு அதனோடு வரும் கடமையும் உண்டு. நீங்கள் தடுப்பூசி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், பின்வருவனவற்றையேனும் கடைப்பிடியுங்கள்.

• காய்ச்சல், இருமல், தொண்டைவலி இருந்தால் முகக்கவசம் அணிந்து, முதியோர், குழந்தைகள், டயாலிசிஸ் அல்லது புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் ஆகியோரிடமிருந்து விலகியிருங்கள்.
• அறிகுறி தோன்றியவுடன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முடிவை மறைக்காதீர்கள்.
• வீட்டுத் தனிமையில் இருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவைக் கவனியுங்கள். 94 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினாலோ, மூச்சுத்திணறல், நெஞ்சழுத்தம், மனக்குழப்பம் தோன்றினாலோ 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.
• உங்கள் முடிவு உங்களுக்கானது. உறுதிப்படுத்தப்படாத செய்தியைப் பரப்பி மற்றவர் முடிவைக் கெடுக்காதீர்கள்.
• உடல்நிலையோ நோயின் தன்மையோ மாறினால் முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள். முன்பு மறுத்ததற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

இக்கடமைகள் ஊசி போட்டவர்களுக்கும் பொருந்தும். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிவோருக்கு இவை இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். நம்மிடம் வரும் நோயாளிக்கு நம்மைத் தவிர்க்கும் வசதி இல்லை.

சிகிச்சை மறுக்கப்பட்டால்

தடுப்பூசி போடாததைக் காரணம் காட்டி உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ அவசர சிகிச்சை மறுக்கப்பட்டால், முதலில் நோயாளியின் உயிரைக் காப்பதே முக்கியம். 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள். நாள், நேரம், பேசியவரின் பதவி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையாயின் நிலைய மருத்துவ அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ முறையிடலாம். தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்ணிலும், 1100 முதலமைச்சர் உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். மருத்துவரின் நடத்தை குறித்த முறையீட்டைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்திற்கு அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஊசி போட்டீர்களா என்று மருத்துவர் கேட்கும்போது, ‘இல்லை’ என்பது வெட்கப்பட வேண்டிய விடையன்று. ஏன் போடவில்லை என்று அவர் கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். உங்கள் அச்சத்திற்கு விடை அவரிடம் இருக்கக்கூடும். இல்லாவிட்டாலும், உங்களுக்குரிய சிகிச்சையை அளிப்பது அவருடைய கடமையாகும்.